வீட்டில் எந்தப் பாஷை பேசுவது

போன சனிக்கிழமை மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். கண்டியில் பெற்றோர் கூட்டம் வைத்தால் மழை பெய்தே தீர வேண்டும் என்று எங்கோ சுற்றுநிருபம் இருக்கிறது போலும், பெய்தது. மண்டபம் முழுக்க ஈரக் குடைகளின் வாசனை. மகள் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அவளை இருமொழி வகுப்பில் போடுவதா, தமிழ் வகுப்பிலேயே விடுவதா என்று ஒரு படிவத்தில் புள்ளடி போட வேண்டும். இருமொழி வகுப்பு என்றால் விஞ்ஞானமும் கணிதமும் இங்கிலிஷில், மிச்சமெல்லாம் தமிழில்.

புள்ளடி போடுவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் குடும்பத்தோடு திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் சிலர் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அரபு கொஞ்சம், இந்தி கொஞ்சம், வீட்டில் இன்னொன்று என்று கலந்து பேசும் பிள்ளைகள். அவர்களை எந்த வகுப்பில் போடுவது? முன்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார். மடிப்புக் கலையாத சட்டை, உயர்த்திய சுட்டுவிரல்.

"வீட்டுல பேசுற பேச்ச மொதல்ல நிப்பாட்டுங்க. இங்கிலிஷ் மட்டும் பேசச் சொல்லுங்க. மூணு மாசத்துல எல்லாம் சரியாயிரும்."

மண்டபம் கைதட்டியது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அது என்னுடைய வசனம். அந்த மூன்று மாதக் கணக்குகூட என்னுடையதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், இதே சுட்டுவிரலோடு, நான் ஒரு தாயிடம் சொன்னது. எழுந்து மறுத்துப் பேசினேன். மைக் வேலை செய்யவில்லை. பின்வரிசைக்காரர்கள் நான் நன்றியுரை சொல்வதாக நினைத்திருக்க வேண்டும். எனக்கும் கைதட்டினார்கள். படிவங்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அங்கே சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் பேச மைக் வேண்டியதில்லை.

நான் இன்று ஓர் அலுவலகத்தில் சிங்கள-தமிழ் மொழிபெயர்ப்பாளன். மக்கள் வாசிக்காத படிவங்களை அவர்கள் இன்னொரு பாஷையிலும் வாசிக்காமல் விடுவதற்கு வசதி செய்து கொடுப்பது என் தொழில். அதற்கு முன் ஐந்து வருஷம் ஆசிரியனாக இருந்தேன். அதுவும் சாதாரண ஆசிரியன் இல்லை, இருமொழி வகுப்பின் விஞ்ஞான ஆசிரியன். நாவலப்பிட்டியில் அரிச்சுவடியிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் தமிழிலேயே படித்தவனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நேர்முகத்தில் ஓர் அம்மையார், இங்கிலிஷில் கற்பிக்க ஏன் விரும்புகிறீர்கள் என்று இங்கிலிஷில் கேட்டார். நான் "யெஸ்" என்றேன். அதைத் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, அலவத்துகொடைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். தினமும் காலையில் மாத்தளை பஸ். அக்குறணைக்குள் பஸ் நுழையும்போது வரிசையாகக் கடைகள் திறந்துகொண்டிருக்கும். மிளகு மூட்டை, பேக்கரிப் பாண், அதற்கு மேல் புது டயர் வாசனை. இன்றைக்கும் எங்காவது புது டயர் மணந்தால் என் வாய் தானாகவே பாடம் முணுமுணுக்கும். மற்றவர்களுக்கு அது வாகனத்தின் வாசனை. எனக்கு அன்றைய பாடத்தை இங்கிலிஷில் மனப்பாடம் செய்து முடிக்கவில்லை என்ற வாசனை.

என்னிடம் சொந்தமாக மூன்று வசனங்கள் இருந்தன. "ஓப்பன் யுவர் புக்ஸ்." "வெரி குட், வெரி குட்." "எனி கொஸ்டியன்ஸ்?" மூன்றாவதைச் சொல்லிவிட்டு உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன், யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதே. பிள்ளைகள் நல்லவர்கள். நான் வார்த்தை தேடித் தடுமாறினால் முன்பெஞ்சில் யாராவது மெதுவாக எடுத்துக் கொடுப்பார்கள். மாணவர்கள் ஆசிரியரைக் கரையேற்றிய வகுப்பு அது.

ஒருநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். அக்குறணைக்காரர், நிதானமான மனிதர்.

"மாஸ்டர், ஜப்பான் தாத்தாட மகள் நாளைக்கு ஒங்கட கிளாசுக்கு வாறா. கொஞ்சம் நல்லா பாத்துக்கொள்ளுங்க."

ஜப்பான் தாத்தா! நாவலப்பிட்டியில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. வெள்ளைத் தாடி வைத்த ஒரு ஜப்பானியக் கிழவர், அந்த வயதிலும் அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள்! மரியாதை குறையக் கூடாது என்று அன்று மாலை அறையில் கண்ணாடிக்கு முன்னால் இடுப்பை வளைத்து வணங்கிப் பழகினேன். மறுநாள் வந்தவர் கறுப்பு அபாயா அணிந்த, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். இங்குள்ள முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பழகியது வீணாக வேண்டாம் என்று வளைந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனை, டிக்கெட், வசனம் எழுதிய துண்டுக் கடதாசி எல்லாம் நிலத்தில் விழுந்தன. அந்தப் பெண்ணும் வளைந்து வணங்கினார். பக்கத்தில் நின்ற சிறுமி குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி இரண்டு கைகளாலும் ஏந்தித் தந்தாள். அவள்தான் ஹனா. பதினொரு வயது.

கதை இதுதான். ஹனாவின் வாப்பா ஃபாரூக் நானா (அக்கா தாத்தா என்றால் அண்ணன் நானா) ஜப்பானில் பழைய வாகன உதிரிப்பாக வியாபாரம் செய்தவர். அங்கேயே கல்யாணம். மனைவி மார்க்கத்துக்கு வந்து ஆமினா ஆனார். ஊரில் ஃபாரூக் நானாவின் தகப்பன் நோயில் விழ, கடையைப் பார்க்க ஆளில்லாமல் போக, குடும்பத்தோடு திரும்பிவிட்டார்கள். ஜப்பானில் ஹனா தாயோடு ஜப்பான் மொழியில் வளர்ந்தாள். வாப்பா வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். தமிழில் அவளுக்கு வா, போ, சாப்பிடு, தூங்கு தெரியும். இங்கிலிஷ் என்னளவுக்குத்தான் தெரியும் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

முதல் மாதம் நான் மிதந்துகொண்டிருந்தேன். காரணம் கேளுங்கள். எதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு "விளங்குச்சா?" என்று கேட்டாலும் ஹனா முகம் நிமிர்த்தி "ஹை!" என்பாள். நம் ஊரில் சந்தோஷம் தாங்காமல் போனால்தானே பிள்ளைகள் ஹை என்று கத்துவார்கள்? என் பாடத்தைக் கேட்டு இப்படிக் குதூகலித்த பிள்ளையை நான் கண்டதில்லை. ஆசிரியர் அறையில் ஓரிரு தடவை இதைத் தற்செயலாகச் சொல்வதுபோல் சொல்லியும் வைத்தேன். ஜப்பான் மொழியில் அதற்கு "சரி" என்பதற்கு மேல் பொருள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. விளங்கினாலும் ஹை, விளங்காவிட்டாலும் ஹை.

நான் மட்டும் ஏமாறவில்லை என்பது ஒரு ஆறுதல். தமிழ்ப் பாடம் எடுத்த சிவகாமி ரீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். ஒருநாள் ஹனா பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு "இத்தாய்! இத்தாய்!" என்று அழுதிருக்கிறாள். ரீச்சர் கண் கலங்கி ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"கேட்டியளே சேர்? நோவிலை அந்தப் பிள்ளை தாயை எல்லே கூப்பிடுது, அதுவும் இத்தாய் எண்டு. எவ்வளவு சுத்தமான தமிழ்!"

ஜப்பான் மொழியில் இத்தாய் என்றால் வலிக்கிறது என்று பொருள்.

சாப்பாட்டு நேரத்தில் ஹனாவின் டப்பாவில் முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டையைக் கறுப்பாக ஏதோ சுற்றியிருக்கும். கடற்பாசியைக் காயவைத்துச் செய்வதாம். வகுப்பில் "ஹனா காபன் பேப்பர் திங்கிறா" என்று பேச்சு பரவியது. இரண்டு வாரத்தில் அவள் டப்பாவைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். நான் அதைக் கவனித்தேனா என்று கேட்காதீர்கள். என் கவனமெல்லாம் வாதத்தில் இருந்தது.

ஆமாம், வாதம். ஹனாவை என்ன செய்வது என்பது ஆசிரியர் அறையின் பெரிய விவகாரமாகிவிட்டிருந்தது. சிவகாமி ரீச்சருக்கு ஒரே முடிவு.

"சேர், பிள்ளைக்கு ஒரு பாஷை முதல் ஒழுங்கா வரட்டும். தமிழ் வகுப்பிலை விடுங்கோ. ரெண்டு தோணியிலை கால் வைக்கச் சொல்லாதையுங்கோ."

"என்னங்க டீச்சர் நீங்க! உலகம் எங்கயோ போயிருச்சு. இங்கிலிஷ்லயே முக்கி எடுத்தாதான் வரும்."

"முக்கி எடுத்தா மூச்சு முட்டும்."

"பானை நெறைய பழைய தண்ணி இருந்தா புதுத் தண்ணிய எங்க ஊத்துறது? மொதல்ல பழசக் கொட்டணும்."

இந்தப் பானை உவமை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பயிற்சியில் யாரோ சொன்னது; நானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழைய தண்ணீர் என்றால் ஜப்பான் மொழி. ரீச்சர் தமிழுக்காகவும் நான் இங்கிலிஷுக்காகவும் தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை பிடித்தோம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் எந்தப் பாஷையில் கேட்பது என்று இன்னொரு சண்டை வந்திருக்கும்.

பாடசாலைத் தவணையின் நடுவில் ஃபாரூக் நானாவும் ஆமினாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் படிப்பில் பின்தங்குகிறாள் என்ற கவலை. நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து சுட்டுவிரலை உயர்த்தினேன்.

"வீட்டுல ஜப்பான் பேசுறத நிப்பாட்டுங்க. இங்கிலிஷ் பேசுங்க. முடியாட்டித் தமிழ் பேசுங்க. மூணு மாசத்துல எல்லாம் சரியாயிரும்."

ஃபாரூக் நானா மனைவிக்கு அவருடைய மொழியில் எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஆமினா என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கப் போவதுபோல் வாய் திறந்தது. பிறகு தலைகுனிந்து, "ஹை" என்றார்.

"நீங்க படிச்ச மனிசன், சேர். நீங்க செல்ற மாதிரியே செய்றோம்" என்றார் நானா. அன்று பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது.

அதற்குப் பிறகு ஹனா மாறினாள். முதலில் "ஹை" நின்றது. நான் விளங்குச்சா என்றால் தலையாட்டுவாள். பிறகு தலையாட்டலும் நின்றது. இடைவேளையில் பெஞ்சிலேயே இருப்பாள். பழைய தண்ணீர் வடிகிறது, புதுத் தண்ணீர் நிறையப் போகிறது என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். தவணைப் பரீட்சையில் அவள் விஞ்ஞான விடைத்தாளைப் பெயர்கூட எழுதாமல் வெறும் தாளாகத் தந்தாள். சிவகாமி ரீச்சருக்கும் தமிழில் வெறும் தாள்தான். இரண்டு வெறும் தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு நானும் ரீச்சரும் முதல் தடவையாகத் தேநீரைச் சூடாகவே குடித்து முடித்தோம்.

அந்தக் கிழமையே ஃபாரூக் நானா என்னை வீட்டுக்கு அழைத்தார், பகல் சாப்பாட்டுக்கு. மகளின் நிலையை நேரில் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்றார். நான் போனதில் கடமையுணர்ச்சி பாதி. அந்தப் பக்கத்து வீடுகளின் புரியாணி பற்றிக் கேள்விப்பட்டிருந்தது மீதி. வீடு அலவத்துகொடைச் சந்தியிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். நான் போய்ச் சேர்ந்தபோது நானாவுக்குக் கடையிலிருந்து அவசர அழைப்பு. "அரை மணித்தியாலத்துல வந்துருவேன், நீங்க சாப்பிடுங்க" என்று கிளம்பிவிட்டார்.

மேசையில் நான், ஹனா, ஆமினா. புரியாணி இருந்தது. அது மேசைக்கு வந்தபோது எனக்கிருந்த உற்சாகம் ஐந்து நிமிஷத்தில் வடிந்துவிட்டது. தாயும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆமினா ஒரு தடவை, இருக்காவை ஈக்கா என்னும் அந்தப் பக்கத்துத் தமிழில், "சாப்பாடு நல்லா ஈக்கா?" என்று கேட்டார். ஹனா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணுமா?" என்றார். ஹனா தலையாட்டினாள். கரண்டிச் சத்தம். மறுபடி, "சாப்பாடு நல்லா ஈக்கா?" என்றார். அதே வார்த்தை, அதே ராகம். ஹனா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஆமினா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பக்கம் முழுக்க ஜப்பான் எழுத்து. இடையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார். எழுத்து ஜப்பான், சத்தம் தமிழ்.

"ஸ்கூல் எப்படி. சாப்பாடு நல்லா ஈக்கா. தண்ணி வேணுமா. குளிச்சியா. கொப்பி எங்க. தூங்கு."

மொத்தம் ஒரு பக்கம். கணவரைச் சொல்லச் சொல்லி எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார், மகளோடு பேசுவதற்கு.

"சேர், நீங்க சொன்னீங்க. நான் ஜப்பான் பேசுறதில்ல. ரெண்டு மாசம்." விரல்களைக் காட்டினார். "எனக்கு தமிழ் இவ்வளவு. முடிஞ்சா, திரும்ப முதல்." விரல் பக்கத்தின் அடியிலிருந்து மேலே போனது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "மகள் ராத்திரி அழுறா. நான் பக்கத்துல போறேன். கொப்பி பாக்கிறேன். அழும்போது என்ன சொல்ற? அது இதுல இல்ல, சேர்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். கோபமே இல்லை. ஆசிரியர் சொன்னதைச் செய்தும் பலன் கிடைக்காத மாணவி, நான் எதைப் பிழையாகச் செய்தேன் என்று கேட்பதுபோல் கேட்டார். அந்தக் கொப்பியில் இல்லாத வசனத்தை நான் எழுதித் தருவேன் என்று பேனையையும் என் பக்கம் நகர்த்தினார்.

எனக்குத் தெரிந்த மூன்று இங்கிலிஷ் வசனமும் எதற்கும் உதவவில்லை. கடைசியில் கொப்பியை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"பேசுங்கம்மா. ஒங்க பாஷையிலயே பேசுங்க. நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. தயவுசெஞ்சு பேசுங்க."

"ஜப்பான்?"

"ஜப்பான்."

"இன்னைக்கு?"

"இப்பவே."

ஆமினா கொப்பியை அலுமாரியில் திரும்ப வைத்தார். பிறகு அறைப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நீளமாக இல்லை, நாலைந்து வார்த்தை. இன்னொரு தடவை சொன்னார். ஹனா வாசலுக்கு வந்து நின்று முதலில் என்னைப் பார்த்தாள், அனுமதி கேட்பதுபோல. ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தன் தாயோடு பேச என்னிடம் அனுமதி கேட்டது. அந்தப் பார்வையை நான் இன்றுவரை சரியாக எழுதிப் பார்த்ததில்லை. நான் தலையாட்டினேன். "ஒக்காசான்" என்றாள். அம்மா என்று அர்த்தம், அதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. பிறகு தாயின் மடியில் விழுந்து அழுதபடியே பேசத் தொடங்கினாள். இரண்டு மாதத்துப் பேச்சு. தாயும் பேசினார். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல், கையில் சோறு காய இருந்தேன்.

அழுகை ஓய்ந்து சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவில் "சேர்", "சேர்" என்று காதில் விழுந்தது. ஹனா எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து எதையோ கொட்டுவதுபோல் வளைந்து காட்டினாள். பிறகு "எனி கொஸ்டியன்ஸ்?" என்று சொல்லி உடனே சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஆமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அச்சு அசலாக நான். அவ்வளவு நாளும் அந்தப் பெஞ்சில் ஊமையாக இருந்து கவனித்திருக்கிறாள்.

ஃபாரூக் நானா திரும்பி வந்தபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு விளங்கவில்லை. "என்ன நடந்தீக்கி?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும்தானே சேர் ஆமா போட்டேன். எனக்கு என்ட ஊட்டுல நடக்கிறது விளங்கல்ல" என்றார்.

அடுத்த நாள் ஹனாவுக்கு அதே விஞ்ஞானப் பரீட்சையைத் திரும்ப வைத்தேன். கேள்விகளைப் படம் வரைந்து காட்டி, ஜப்பான் மொழியில் எழுது என்று சைகை காட்டினேன். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியது. மாலையில் ஆமினா வந்து வாசித்துச் சொன்னார், தமிழ் போதாத இடங்களைக் கூட வந்த நானா நிரப்பினார். செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்பதையெல்லாம் சரியாக எழுதியிருந்தாள், ஜப்பானிலேயே படித்ததாம். ஓர் இடத்தில் ஆமினா தயங்கினார்.

"சேர், மகள் இங்க எழுதியிருக்கு… செடி பகல்லயும் மூச்சு, ராவுலயும் மூச்சு. சேர் போர்ட்ல போட்டது பிழை."

செடி பகலில் காபனீரொட்சைட்டையும் இரவில் மட்டும் ஒட்சிசனையும் எடுக்கும் என்று நான்தான் கரும்பலகையில் பெரிதாகப் படம் வரைந்து காட்டியிருந்தேன். சுவாசம் எந்நேரமும் நடக்கும். வெறும் தாள் தந்த பிள்ளை என் பாடத்தைத் திருத்தியிருந்தாள். முழுப் புள்ளி போட்டேன். எனக்கு எத்தனை புள்ளி என்று ஆமினா கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

ஆசிரியர் அறையில் எழுந்து நின்று ஒப்புக்கொள்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பானை உவமையை எல்லோருக்கும் பாடமாக்கி வைத்திருந்தேனே. நடந்ததைச் சொன்னேன். சிவகாமி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அப்பவே சொன்னனான் என்பது இதோ வருகிறது என்று காத்திருந்தேன். ரீச்சர் சொன்னது வேறு.

"நான் மட்டும் என்ன சேர் செய்தனான்? நீங்கள் ஒரு பக்கம் இழுத்தியள், நான் மற்றப் பக்கம் இழுத்தன். அந்தத் தாயை நானும் ஒருக்கா கூப்பிட்டுக் கேக்கேல்லை."

அதிபர் கடைசியில், அந்தப் பிள்ளை எந்தப் பாஷையில் எழுதினாலும் இந்த வருஷம் தாய் வாசித்துச் சொன்னால் போதும் என்றார். "சட்டத்துல இது ஈக்கோ இல்லையோ தெரியா. நான் ஒண்டும் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கிழமையில் ஒருநாள் ஆமினா பாடசாலைக்கு வந்து வகுப்புக்குச் சோற்றுருண்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். காபன் பேப்பர் என்று பெயர் வைத்தவர்கள்தான் இரண்டாவது உருண்டை கேட்டவர்கள்.

ஜப்பான் மொழி திரும்பி வந்த வீட்டுக்குள் தமிழும் இங்கிலிஷும் தாமாகவே வந்துசேர்ந்தன. அதில் என் சாதனை ஒன்றுமில்லை. நான் வழியிலிருந்து விலகினேன், அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் ஹனா தமிழில் சண்டை போட்டாள். எட்டாம் வகுப்பில் தமிழில் பொய் சொன்னாள்; வீட்டுவேலை செய்யாததற்கு அவள் சொன்ன காரணங்கள் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் என்ன தமிழ் அது! சிவகாமி ரீச்சரிடமிருந்து யாழ்ப்பாணம், வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து அக்குறணை, என்னிடமிருந்து நாவலப்பிட்டி. "ஓம் சேர், உம்மா கடைக்குப் போயீக்கிறா, நான் பிறகு வாறன், நீங்க போங்க சேர், நாங்க பின்னாடி வர்றோம்" என்று ஒரே மூச்சில் சொல்வாள். ஒரு வசனத்துக்குள் ரயிலேறி மூன்று ஊருக்குப் போய்வரலாம். முடிவில் ஜப்பான் வழக்கப்படி சின்னதாக ஒரு "நே?" சேர்த்துக்கொள்வாள், அப்படித்தானே என்பதுபோல. கொஞ்ச நாளில் அந்த "நே" வகுப்பு முழுக்கத் தொற்றியது. நாவலப்பிட்டியில் என் அம்மாவிடம் நானே ஒருநாள் "சாப்பிட்டாச்சு, நே?" என்று கேட்டு முறைப்பு வாங்கினேன்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது குடும்பம் ஜப்பானுக்குத் திரும்பியது. ஆமினாவின் தகப்பன் தனியாகிவிட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை. வந்ததும் ஒரு தகப்பனுக்காக, போனதும் ஒரு தகப்பனுக்காக. அதே வருஷம் நானும் ஆசிரியர் வேலையை விட்டேன். விஞ்ஞானத்துக்கு நான் செய்த பெரிய சேவை அது.

இந்த வருஷத் தொடக்கத்தில் அலவத்துகொடைப் பக்கம் போக நேர்ந்தது. அந்த வீட்டை இடித்து டைல்ஸ் கடை கட்டியிருக்கிறார்கள். பாடசாலையில் இருமொழி வகுப்பு ஆசிரியர் கிடைக்காமல் நின்றுபோய்ப் பல வருஷமாம். சிவகாமி ரீச்சர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். பழைய மாணவன் ஒருவன் கடைவாசலில் என்னை அடையாளம் கண்டு, வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டான். அன்று மாலையே ஜப்பான் இலக்கத்திலிருந்து வீடியோ அழைப்பு.

இருபத்தாறு வயது ஹனா. விமான நிலையத்தில் வேலை. "சேர்!" என்றாள். பிறகு வாய் திறந்து, எதையோ தேடி, நிறுத்திவிட்டாள். "ஓம்… ஓம், சேர்…" என்று மறுபடி தொடங்கினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. சிரித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு இங்கிலிஷுக்கு மாறினாள். அழகான, சரளமான இங்கிலிஷ். அங்கே தமிழ் பேச ஆளில்லை, வாப்பாவும் இப்போது வீட்டில் ஜப்பான்தான் பேசுகிறார், எனக்கு எல்லாம் மறந்துவிட்டது சேர் என்றாள். நான் என் இங்கிலிஷில் பதில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், முன்பெஞ்சுப் பிள்ளைகள்போல் இரண்டு இடத்தில் வார்த்தை எடுத்தும் கொடுத்தாள். இருபது நிமிஷம் முழுக்க முழுக்க இங்கிலிஷிலேயே பேசினோம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சுட்டுவிரலை உயர்த்தி நான் கேட்டது இதைத்தான்.

யாழ்ப்பாணத்து ஓமும் அக்குறணை ஈக்கியும் நாவலப்பிட்டி வர்றோமும் ஒரே வாயில் கலந்து, கடைசியில் ஒரு நே வைத்து முடியும் தமிழ் ஒன்று மாத்தளை வீதியில் மூன்று வருஷம் இருந்தது. அதைப் பேச உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.